பழைய டர்போ வாகனம்: 'பாஸ்' வரும் வரை காத்திருக்கலாமா?

பாவித்த வாகனம் ஒன்றை வாங்கப் போகின்ற எமது வியாபாரிகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் முதலாவது ஆலோசனை, "டர்போ போட்டதை மட்டும் எடுத்துவிடாதே" என்பதாகும். இதனைச் சொல்பவர் பெரும்பாலும் டர்போ வாகனம் ஒன்றை வைத்திருந்து கையைச் சுட்டுக்கொண்டவராக இருப்பார். அல்லது அவ்வாறு சுட்டுக்கொண்டவரின் மச்சானாக இருப்பார். இந்த ஆலோசனையோடு எனக்கு உடன்பாடில்லை. டர்போ வாகனம் எல்லோருக்கும் ஏற்றது என்று நான் சொல்ல வரவில்லை. பொனட்டை அல்லது முன் சீட்டைத் தூக்கிப் பார்க்க விருப்பமில்லாத ஒருவர் அதனை வாங்காமல் இருப்பதே நல்லது. ஆனால் கிழமைக்கு அரை மணித்தியாலத்தைத் தனது வாகனத்துக்கு ஒதுக்கக்கூடிய ஒருவருக்கு, பழைய டர்போ டீசல் வேன் இன்றும் ஒரு நல்ல முதலீடாகும் என்பதே எனது அபிப்பிராயம்.

நான் மெக்கானிக் அல்லன். கணக்குப் புத்தகங்களோடு சீவிப்பவன். எனினும் 2சி-டி என்ஜின் பூட்டிய டொயோட்டா டவுன்ஏஸ் வேன் ஒன்றை 2010ஆம் ஆண்டு முதல் வைத்திருக்கின்றேன். அதன் ஒயில், தண்ணீர், பில்டர், ஹோஸ், பெல்ட் வேலைகளில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே செய்து வருகின்றேன். எனவே இங்கு எழுதுபவை ஒரு கணக்காளனின் பார்வையில் அமைந்தவையாகும்.

இவ்விடயம் இப்போது ஏன் முக்கியமாகின்றது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலாகும். இடைப்பட்ட காலத்தில், 2022இல், சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபா வரை சென்றது. இறக்குமதி திறக்கப்பட்ட பின்னரும் வரிகளைக் கூட்டிப் பார்க்கும் போது புதிய வேன் ஒன்று சிறு வியாபாரியின் கைக்கு எட்டாத தூரத்திலேயே இருக்கின்றது. லீசிங் எடுத்து வாங்கினால் தவணை கட்டுவதற்காகவே வியாபாரம் செய்ய வேண்டி வரும். ஆகவே புறக்கோட்டையில் சரக்கெடுத்து ஊர் ஊராகச் சந்தைகளுக்குச் செல்லும் புடவை வியாபாரியும், பாத்திரம் விற்பவரும், கோழித் தீவனம் விநியோகிப்பவரும் இன்று வைத்திருக்கும் இருபத்தைந்து, முப்பது வருட வாகனத்தையே இன்னும் பல வருடங்கள் ஓட்டியாக வேண்டும். அவ்வாகனங்களில் கணிசமானவை டர்போ டீசல்களாகும். டவுன்ஏஸ், லைட்ஏஸ் வேன்களின் 2சி-டி, 3சி-டி என்ஜின்களும், மிட்சுபிஷி டெலிகா, பஜேரோ ஆகியவற்றின் 4டி56 என்ஜினும் எமது ஊர்களில் எவருக்கும் அறிமுகம் தேவையில்லாதவை.

டர்போ என்பது மாயமந்திரமல்ல. அல்பிரெட் பியூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் 1905இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். சைலன்சர் வழியாக வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகின்றது. காற்று கூடினால் கூடுதலான டீசலை முழுமையாக எரிக்கலாம். அதனால் 1,974 சீசீ கொண்ட சிறிய என்ஜின், மூடை மூடையாகச் சரக்கேற்றிய வேனை மேட்டில் இழுத்துச் செல்கின்றது. அவ்வளவுதான் விடயம்.

ஆனால் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் சுழலக்கூடியது. அது உலோகத்தின் மீது சுழல்வதில்லை. மெல்லிய ஒயில் படலம் ஒன்றின் மீது மிதந்து சுழல்கின்றது. அந்த ஒயில் என்ஜினுக்குள் இருக்கும் அதே ஒயிலாகும். டீசல் என்ஜின் தன் ஒயிலைக் கரியாக்கும் வேகம் பெற்றோல் என்ஜினை விட அதிகம். கரி கலந்த ஒயில் தடித்து, டர்போவுக்குச் செல்லும் ஒடுக்கமான குழாயில் படிகின்றது. தண்டுக்கு ஒயில் குறைகின்றது, தண்டு ஆடத் தொடங்குகின்றது, சக்கரம் சுற்றுக் கூட்டில் உரசுகின்றது. இது ஒரே நாளில் நடப்பதல்ல. மாதக்கணக்கில் நடக்கும் ஒன்று ஒரு நாளில் வெளித் தெரிகின்றது. நாமோ அந்த ஒரு நாளை வைத்து "டர்போ திடீரென்று போய்விட்டது" என்கின்றோம்.

கிழக்கிலிருந்து கொழும்புக்கு மாதம் இரு தடவை சரக்கெடுக்க வரும் ஒரு வியாபாரி எனக்குத் தெரிந்தவர். பழைய டெலிகா ஒன்று வைத்திருந்தார். ஒரு வருடத்துக்குள் இரண்டு டர்போ மாற்றினார். "நானா, மறுகாவும் டர்போ போயிட்டு. இந்தச் சாமானே ஒரு சனியன்" என்று தொலைபேசியில் சொன்னார். பஞ்சிகாவத்தையில் வாங்கிய ரீகண்டிஷன் டர்போ தரமற்றது என்பது அவருடைய முடிவாக இருந்தது. அவரது வேன் கொழும்புக்கு வந்த வேளை இருவரும் சேர்ந்து கழற்றிப் பார்த்தோம். டர்போவுக்கு ஒயில் கொண்டு செல்லும் குழாயை முதலாவது தடவையும் மாற்றவில்லை, இரண்டாவது தடவையும் மாற்றவில்லை. அதன் முனையில் உள்ள துளையிட்ட போல்ட்டில் பாதிக்கு மேல் கரி அடைத்திருந்தது. போதாததற்கு, திரும்பி வரும் ஒயில் குழாயின் மூட்டில் கெஸ்கட்டுக்குப் பதிலாக சிலிகோன் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசியிருந்தார்கள். அது உள்ளே பிதுங்கி ஒயில் வழியை ஒடுக்கியிருந்தது. பழைய நோயை அப்படியே வைத்துக்கொண்டு புதிய பாகத்தைப் பூட்டியிருக்கின்றார்கள். குழாயும் கெஸ்கட்டும் சேர்ந்து டர்போவின் விலையில் ஒரு சிறு பங்குதான் வரும்.

இதற்காக அந்தக் கராஜை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. உரிமையாளர் கேட்கவில்லை. கேட்க அவருக்குத் தெரியவில்லை. "பாஸ், சீக்கிரம் முடித்துத் தாருங்கள், நாளை சந்தை" என்று மட்டுமே கேட்டிருக்கின்றார். பாஸும் சீக்கிரம் முடித்துக் கொடுத்திருக்கின்றார்.

ஒயில் மாற்றுவது உரிமையாளரே செய்யக்கூடிய வேலைகளில் முதன்மையானது. ஒரு ரிங் ஸ்பெனர், ஒயில் பில்டர் கழற்றும் கருவி, ஒரு பழைய பேசின், இவை போதும். வாகனத்தை ஜெக்கில் தூக்கினால் கட்டாயம் ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஜெக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே போகக் கூடாது. இத்தகைய பழைய டர்போ டீசலுக்கு 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயிலும் பில்டரும் மாற்றுவது நான் கடைப்பிடிக்கும் கணக்காகும். எமது காலநிலைக்கு 15டபிள்யூ-40 தடிப்பு பொருத்தமானது. டின்னில் உள்ள தரக்குறியீடு 'சீ' என்ற எழுத்தில் தொடங்குகின்றதா எனப் பாருங்கள், அதுவே டீசலுக்குரியது. 'எஸ்' மட்டும் இருந்தால் அது பெற்றோல் என்ஜினுக்கானது.

மேல் கோட்டுக்கு மேலே ஒயில் ஊற்றுவது எம்மவர்களிடம் உள்ள ஒரு தாராள குணம். டீசல் என்ஜின் கறுப்பு ஒயில் குடிக்கும், கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே என்பார்கள். டர்போவிலிருந்து ஒயில் தன் பாரத்தினாலேயே கீழே வடிந்து என்ஜினுக்குத் திரும்புகின்றது. கீழே அளவுக்கு மேல் நிறைந்திருந்தால் வடிய இடமின்றி டர்போவின் சீல்களைத் தாண்டி வெளியேறும். நீலப் புகை வரும். டர்போ பழுது என்று கழற்றுவார்கள். கழற்றும் முன் ஒயில் கோலை இழுத்துப் பார்த்திருந்தால் செலவு மிச்சம்.

நீண்ட நாள் நிறுத்திய வாகனத்திலோ, டர்போவைக் கழற்றிப் பூட்டிய பின்னரோ உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. டீசல் பம்பின் மீதுள்ள நிறுத்து வால்வின் வயரைக் கழற்றிவிட்டு, என்ஜின் பற்றாத நிலையில் ஒயில் விளக்கு அணையும் வரை விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். தண்டுக்கு ஒயில் போன பின்னர் வயரைப் பூட்டி ஸ்டார்ட் செய்யலாம். இது இரண்டு நிமிட வேலை.

சாரதிப் பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடுகண்ணாவை மேட்டை ஏறி முடித்தவுடன் தேநீர்க் கடை முன் நிறுத்தி, அடுத்த வினாடி சாவியைத் திருப்பி இறங்கி விடுவதை நீங்கள் அடிக்கடி கண்டிருப்பீர்கள். மஹியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்கு வருபவர்களும் இவ்வாறே செய்கின்றனர். அந்த வேளையில் டர்போவின் ஒரு பக்கம் தணல் போலச் சூடாக இருக்கும். என்ஜின் நின்றவுடன் ஒயில் ஓட்டமும் நின்று விடுகின்றது. தேங்கிய ஒயில் அந்தச் சூட்டில் வறுபட்டுக் கரியாகின்றது. மேடு ஏறியபின் இரண்டு, மூன்று நிமிடம் மெதுவாக இயங்க விட்டு நிறுத்தினால் இது நேராது. அதற்காக ஊருக்குள் கடைத் தெருவில் ஓடிவிட்டு வந்து ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு டீசலை எரிப்பதும் அவசியமற்றது. கடைசி ஓரிரு கிலோமீற்றர் மெதுவாக வந்திருந்தால் டர்போ ஏற்கனவே ஆறியிருக்கும்.

அடுத்தது காற்று. பில்டரிலிருந்து டர்போ வரை செல்லும் இறப்பர்க் குழாய் முப்பது வருடத்தில் வெடிக்கும். கிளிப் தளரும். அந்த வெடிப்பினூடாக உள்ளே செல்லும் தூசு, அவ்வளவு வேகத்தில் சுழலும் சக்கரத்தின் ஓரங்களை அரத்தால் ராவியது போல் தேய்த்து விடும். டர்போவுக்கு அடுத்த பக்கக் குழாயில் வெடிப்பு இருந்தால் அமுக்கிய காற்று வெளியேறி, வேகம் குறைந்து, கறுப்புப் புகை தள்ளும். கையால் தடவியும் வளைத்தும் பார்த்தாலே கண்டுபிடிக்கக் கூடியவை இவை. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் முன் செய்ய வேண்டிய புகைப் பரிசோதனை 2008இல் ஆரம்பிக்கப்பட்ட காலம் தொட்டு, அதில் தோற்றுவிட்டு வந்து "பம்பைக் குறைத்துத் தாருங்கள்" என்று கேட்பவர்கள் அநேகர். பில்டரையும் இந்த இரு குழாய்களையும் பார்த்த பின்னரே பம்பில் கை வைக்க வேண்டும்.

டர்போவையும் நாமே சோதிக்கலாம். என்ஜின் குளிர்ந்து நின்றிருக்கும் போது உள்ளே செல்லும் காற்றுக் குழாயைக் கழற்றி, விரலால் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது வழமை. முன்னும் பின்னும் இழுக்கும் போது ஆட்டம் தெரிந்தாலோ, சக்கரம் கூட்டில் படுவதாக இருந்தாலோ அதன் காலம் முடிந்து விட்டது. குழாயின் உட்புறத்தில் இலேசான ஒயில் ஈரம் இருப்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. என்ஜினின் ஆவிக் குழாய் அங்குதான் வந்து சேர்கின்றது.

பழுதான டர்போவைத் தொடர்ந்து ஓட்டுவதில் செலவை விடப் பெரிய ஆபத்தும் உண்டு. சீல் முற்றாக உடைந்தால் டீசல் என்ஜின் தன் ஒயிலையே குடித்துக் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் வாகனமாயின் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் போட்டுக் கிளச்சை விட்டு அமர்த்த வேண்டும். காற்றுக் குழாயின் வாயைக் கையால் மூட ஒருபோதும் முயலக் கூடாது.

இனித் தண்ணீர். உண்மையைச் சொன்னால் 2சி-டி என்ஜினைக் கொல்வது டர்போவை விட தண்ணீர்தான். இவ்வகை வேன்களில் என்ஜின் சீட்டுக்கு அடியில் காற்றோட்டமின்றி அடைபட்டுக் கிடக்கின்றது. ஒரு தடவை கொதித்தால் போதும், வால்வுகளுக்கு இடையில் ஹெட் வெடித்து விடும். வெப்பமானியை மட்டும் நம்பவும் முடியாது. முள் நடுவில் அசையாது நிற்கும்படியே அதனை அமைத்திருக்கின்றார்கள், ஏறத் தொடங்கும் போது காலம் கடந்து விடுகின்றது. தண்ணீர் முற்றாக வெளியேறி விட்டால் சென்சர் வெறும் ஆவியில் நின்று, சூடு குறைவு என்றே காட்டவும் கூடும். ஆகவே கிழமைக்கொரு தடவை குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கிணற்று நீருக்குப் பதிலாகக் கூலண்ட் ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியின் இறப்பர் இறுகிப் போயிருந்தால் மாற்றுங்கள். இந்த வாகனத்தில் மாற்றக்கூடிய மிக மலிவான பாகங்களில் அதுவும் ஒன்று. தண்ணீர் மாற்றிய பின் வாகனத்தின் முன்பக்கத்தை மேட்டில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுக் குமிழ்கள் நிற்கும் வரை இயங்க விட வேண்டும். தர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இங்கு ஒரு வைத்தியமாகவே கருதப்படுகின்றது. பல டொயோட்டா என்ஜின்களில் அது இல்லாவிட்டால் ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டருக்குச் செல்லாமலேயே குறுக்கு வழியில் சுற்றும். அதாவது எந்தச் சூட்டைத் தவிர்க்கக் கழற்றினோமோ அந்தச் சூடே கூடும்.

டர்போவையே கழற்றி விட்டுத் தகடு அடித்து மூடி ஓட்டும் வழக்கத்தையும் நான் கண்டிருக்கின்றேன். "இப்போது தொல்லையில்லை" என்பார்கள். டர்போ என்ஜினின் பம்ப், காற்றழுத்தம் வராத வரை டீசலைக் குறைத்தே கொடுக்கும் வண்ணம் அமைக்கப்பட்டது. எனவே வேன் மேட்டில் இழுக்காது. பிறகு பம்பின் திருகைக் கூட்டுவார்கள். காற்றின்றி டீசல் மட்டும் கூடினால் கறுப்புப் புகையும் சூடும்தான் மிச்சம். டீசல் செலவு கூடும், புகைப் பரிசோதனையில் தோற்கும், சூட்டினால் ஹெட்டுக்கும் ஆபத்து. ஒரு பாகத்தின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் வாகனத்தையே நாட்டமாக்குவதைச் சிக்கனம் என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டீசல் பம்ப், இன்ஜெக்டர், ஹெட் வேலை, டர்போவின் உட்பாகங்களைச் சமநிலைப்படுத்துதல் ஆகியன அதற்குரிய கருவிகள் உள்ளவர்களிடமே விடப்பட வேண்டும். டைமிங் பெல்ட்டும் அனுபவமில்லாதவர் தொடும் வேலையல்ல. ஆனால் அதனை எப்போது மாற்ற வேண்டும் என்று அறிந்திருப்பது உரிமையாளரின் வேலை. 100,000 கிலோமீற்றர் என்பது டொயோட்டாவின் கணக்கு. 4டி56இல் சமநிலைத் தண்டுக்கென இரண்டாவது சிறிய பெல்ட் ஒன்றும் உண்டு. பெரியதை மட்டும் மாற்றிச் சிறியதை விட்டால், அது அறுந்து பெரியதில் சிக்கி வால்வுகளையும் முடித்து விடும். பாஸிடம் "இரண்டு பெல்ட்டுமா?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது எனது தொழிலுக்கு வருகின்றேன். மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடும் வேனுக்கு வருடத்தில் ஏழு தடவை ஒயில் மாற்ற வேண்டும். இதைக் கேட்டவுடன் பலர் "அவ்வளவு செலவா?" என்கின்றனர். ஆனால் வாகனம் கராஜில் நிற்கும் நாட்களை அவர்கள் எங்கும் எழுதுவதில்லை. ஹெட் வெடித்து வேன் இரண்டு கிழமை நின்றால், திருத்தக் கூலி மட்டும் செலவாகாது. வாடகை வாகனத்துக்குக் கொடுத்த பணம், போகாமல் விட்ட நான்கைந்து சந்தை நாட்கள், நேரத்துக்குச் சரக்கு வராததால் வேறு ஆளிடம் சென்ற கடைக்காரர், இவையெல்லாம் செலவே. சிறு வியாபாரிகளின் கணக்குகளைப் பார்க்கும் போது டீசலுக்கு ஒரு பக்கம் இருக்கும், தவணைக்கு ஒரு பக்கம் இருக்கும், நின்ற நாட்களுக்குப் பக்கமே இருக்காது. அதனால்தான் பராமரிப்புச் செலவு அவர்களுக்கு எப்போதும் பெரிதாகத் தெரிகின்றது.

ஒரு நாற்பது பக்கக் கொப்பியை வாகனத்திலேயே வைத்து, திகதி, மீற்றர் அளவு, செய்த வேலை, ஊற்றிய ஒயில், நின்ற நாட்கள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். எனது கொப்பியில் ஒரு தடவை கூலண்ட் குறையும் அளவு இரு மாதங்களில் மூன்று தடவை பதிவாகியிருந்ததைக் கண்டுதான் தண்ணீர்ப் பம்ப் கசிவதை அறிந்தேன். வெளியில் ஒரு சொட்டும் தெரியவில்லை. ஓடும் சூட்டிலேயே காய்ந்து கொண்டிருந்தது.

கை அழுக்காகும் வேலை எமக்கெதற்கு என்று நினைப்பவர்களும் எம்மத்தியில் உள்ளனர். கடை முதலாளி வாகனத்துக்கு அடியில் படுத்திருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று என்னிடமே ஒருவர் கேட்டார். கடையில் வைத்திருக்கும் துணிக்கட்டைக் கறையான் அரிக்கின்றதா என்று குனிந்து பார்க்க அவர் வெட்கப்படுவதில்லை. அந்தத் துணிக்கட்டுகளை விட வேனின் பெறுமதி இன்று அதிகம் என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். சிரித்தார், ஆனால் இன்னும் ஒயில் கோலை இழுத்துப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கின்றேன்.

இறுதியாக, பழைய டர்போ வேன் ஒன்றை வாங்க இருப்பவர்களுக்குச் சில விடயங்கள். காலையில், என்ஜின் முற்றாகக் குளிர்ந்திருக்கும் போதே போய்ப் பாருங்கள். நீங்கள் போகும் முன்னரே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். ரேடியேட்டரைத் திறந்து தண்ணீரில் ஒயில் பாடை இருக்கின்றதா, ஒயில் மூடியின் அடியில் பால் போன்ற படிவு இருக்கின்றதா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் மேல் ரேடியேட்டர் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். என்ஜின் இன்னும் குளிராக இருக்கும் போதே அது கல் போல் இறுகினால் ஹெட் வழியாக அமுக்கம் தண்ணீருக்குள் செல்கின்றது என்று பொருள். பத்து நிமிடம் மேடொன்றில் ஓட்டிவிட்டு, மெதுவாக இயங்க விட்டு, பின் ஒரு தடவை அக்ஸிலேட்டரை மிதித்து நீலப் புகை வருகின்றதா என்று கவனியுங்கள். டர்போ சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் மறுத்தால் விலையைப் பேசுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.